தீட்டைக் கிழித்த கத்தி!

அமாவாசை நாளன்று இராமேசுவரம் அக்கினி தீர்த்தக் கரையிலே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள் அந்தக் காட்சியை. தலை முழுகி, ஈரத் துணியோடு மணலில் அமர்ந்து, மாண்டவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்போர் ஆயிரம் ஆயிரம். தந்தையை இழந்த மகன், மனைவியைப் பறிகொடுத்த கணவன், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய், இவர்கள் கண்ணிலே தேங்கி நிற்கும் துயரம் உண்மையான துயரம். அதனைக் கேலி பேசுபவர்களல்லர் நாம். நாம் கேட்பது வேறு. மாண்டவரின் பெயருக்கு இத்தனை மரியாதை செய்கிற நாடு, மாண்டவரின் உடலைத் தொட்டவனை ஏன் ஊருக்கு வெளியே தள்ளி வைத்தது?

சுடுகாட்டிலே விறகடுக்கி, வேகாத எலும்பைக் கோலால் புரட்டி, விடிய விடியக் காவல் காத்தவனுக்கு வெட்டியான் என்று பெயர். சேரிக்கு அப்பால் குடிசை. புண்ணைக் கழுவிக் கட்டி அறுத்து ஆற்றிய நாவிதனுக்கு மருத்துவன் என்ற பெயர் மட்டும் உண்டு, திண்ணையிலே இடமில்லை. பிள்ளைப்பேறு பார்த்த அவன் மனைவிக்கு மருத்துவச்சி என்ற பெயர் உண்டு. குழந்தையை ஏந்திய அவள் கை, வீட்டுக் குடத்தைத் தொடக்கூடாது. உடலைத் தொட்டவர்களெல்லாம் கீழே. ஏட்டைத் தொட்டவர்களெல்லாம் மேலே. இப்படிக் கையையும் ஏட்டையும் பிரித்து வைத்ததால் வந்த கேடு என்ன? அந்தப் பிரிவினையை ஒரு நாள் ஒரு மனிதன் எப்படி உடைத்தான்? அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

காசியிலிருந்து செம்பிலே கங்கை நீரை அடைத்து இராமேசுவரத்துக்குக் கொண்டு வருகிறார்கள். இங்கிருந்து கடல் மணலை எடுத்துப் போய்க் கங்கையிலே கரைக்கிறார்கள். நீண்ட காலமாக நடக்கிறது இந்தப் பண்டமாற்று. நீரை அனுப்பிய அந்தக் கங்கை, வங்கத்திலே ஹூக்ளி என்ற பெயரோடு ஓடுகிற கரையிலே, கல்கத்தா நகரிலே, 1836-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி மட்டும் நம் கரைக்கு வந்து சேரவில்லை. செம்பிலே அடைத்து வரக்கூடிய பொருளல்ல அது. அதனால் நாம்தான் கொண்டு வரவேண்டியிருக்கிறது.

அந்த மனிதனின் பெயர் மதுசூதன குப்தர்.

அவர் செய்த காரியம் என்னவென்று விளங்க வேண்டுமானால், முதலில் நம் உடலையே கொஞ்சம் பார்த்துக் கொள்ள வேண்டும். தோழர்களே, உங்கள் வலது கையை நீட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டை விரல் நுனியும் சுண்டு விரல் நுனியும் தொடட்டும். இப்போது மணிக்கட்டைச் சற்றே உள்ளே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவிலே கயிறு போல ஒன்று விறைத்து எழுகிறதா? அதை நரம்பு என்பது நம் ஊர் வழக்கம். அது நரம்பன்று, தசைநாண். சிலருக்கு அது எழாது. கவலைப்பட வேண்டாம், நோயல்ல. பிறக்கும்போதே அந்தத் தசை இல்லாதவர்கள் உலகிலே ஏறத்தாழ 100-க்கு 14 பேர். நாட்டுக்கு நாடு இந்தக் கணக்குக் கூடும், குறையும். வலை இழுக்கவும் மூட்டை தூக்கவும் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

விரலை மடக்கி விரித்துப் பாருங்கள். விரலை மடக்குகின்ற பெரிய தசை எதுவும் விரலுக்குள் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கின்றன. அங்கேயிருந்து நாண்கள் ஓடி வந்து விரலை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரன் மேலே நின்று நூலை இழுக்க, கீழே பொம்மை ஆடுவது போல! வலை இழுத்த இரவு, மீனவனுக்கு விரலைக் காட்டிலும் முன்கை வலிப்பது இதனால்தான்.

உடலிலே மிக நீளமான தசை எது? இடுப்பின் பக்கத்திலிருந்து தொடையின் குறுக்காக ஓடி, முழங்காலின் உட்புறத்துக்குக் கீழே போய் முடிகிறதே, அது. அதற்கு மேல்நாட்டார் இலத்தீன் மொழியிலே சூட்டிய பெயர், தையற்காரரைக் குறிக்கும் பெயர். காலைக் குறுக்கே மடித்து அமர்ந்து ஊசி கோத்த உழைப்பாளியின் நினைவாக வந்தது. மிகச் சிறிய தசை காதுக்குள்ளே இருக்கிறது, ஓர் அரிசி மணியைக் காட்டிலும் சிறியது. மிகப் பெரியது பிட்டத்திலே இருக்கிறது. குந்தியிருந்தவன் பாரத்தோடு எழுவதற்கு அதுதான் துணை. எலும்போடு பொருந்தி நம் விருப்பப்படி இயங்கும் இத்தகைய தசைகள் மொத்தம் 600-க்கு மேல். சிலர் 639 என்பர், சிலர் 650-ஐ நெருங்குவர். இரண்டாகப் பிரிந்து கிடப்பதை ஒன்று என்று எண்ணுவதா, இரண்டு என்று எண்ணுவதா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

இந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள்? தவத்தில் அமர்ந்து கண்டதல்ல. அசரீரி சொன்னதல்ல. இறந்த உடலின் தோலை விலக்கி, கொழுப்பை நீக்கி, ஒவ்வொரு தசையாகத் தூக்கிப் பார்த்து, இது எந்த எலும்பில் தொடங்குகிறது, எந்த எலும்பில் முடிகிறது, இழுத்தால் எது அசைகிறது என்று குறித்து, பிறகு அதை அறுத்து ஒதுக்கி, அடியிலே இருக்கும் அடுத்ததைத் தேடி, அடுக்கடுக்காக எண்ணியது. அறுக்காதவனுக்கு எண்ணிக்கை கிடையாது. தொடாதவனுக்கு அறிவு கிடையாது.

பழைய இந்தியாவிலே ஒருவரும் தொடவில்லையா? தொட்டார்கள். அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி மருத்துவ நூலிலே, வைத்தியம் கற்க விரும்புபவன் இறந்த உடலைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்ற விதி இருக்கிறது. உடலைப் புல்லால் சுற்றி, கூட்டிலே அடைத்து, மறைவான இடத்தில் ஓடும் நீரிலே கிடத்தி, ஏழு நாள் ஊறவிட்டு, வேரும் மூங்கிலும் கொண்டு செய்த தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்து, அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும் என்று முறையும் சொல்லியிருக்கிறது. தசைகள் 500 என்று கணக்கும் தருகிறது. கை கால்களில் 400, நடு உடலில் 66, கழுத்துக்கு மேலே 34. பெண்களுக்கு 20 அதிகம்.

அந்தக் காலத்துக்கு அது பெரிய முயற்சி. ஆயினும் கணக்கிலே ஓட்டை இருக்கிறது. கழுத்தும் முகமும் சேர்த்து 34 தசைதானா? சிரிக்க, முறைக்க, சீட்டியடிக்க, புருவம் நெரிக்க, முகத்திலே மட்டும் அதற்கு மேல் வேண்டும். ஏழு நாள் நீரில் ஊறி, தூரிகையால் தேய்த்த உடலில், தாள் போன்ற முகத் தசைகள் எப்படி மிஞ்சியிருக்கும்? கத்தியைப் பிடித்து அடுத்தவன் அறுத்திருந்தால் அந்தப் பிழை தெரிந்திருக்கும். அதற்கும் அடுத்தவன் இன்னும் திருத்தியிருப்பான். அறிவு வளர்வது அப்படித்தான்.

வளரவில்லையே, ஏன்? நடுவிலே வந்து நின்றது தீட்டு. பிணத்தைத் தொட்டவன் முழுக வேண்டும், விலகி நிற்க வேண்டும் என்று தருமம் வகுத்தார்கள். ஏடு படித்தவன் கத்தியைக் கீழே வைத்தான். கத்தி பிடித்தவனுக்கு ஏடு மறுக்கப்பட்டது. விளைவு? 500 என்று எழுதியதை 500 என்றே தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். சுலோகம் தப்பாமல் ஒப்பித்தார்கள். முகத்தைத் தொட்டுச் சரிபார்க்க ஒருவரும் இல்லை!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. உரோமாபுரியிலே காலன் என்ற மருத்துவன், மனித உடலை அறுக்க வழியில்லாமல் குரங்கையும் பன்றியையும் அறுத்து எழுதினான். அதை 1300 ஆண்டுகள் ஐரோப்பா வேதம் போலப் படித்தது. பேராசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து நூலைப் படிப்பார். கீழே நாவிதன் அறுப்பான். நூலில் உள்ளது ஒன்று, உடலில் இருப்பது வேறொன்று என்றால், உடல்தான் தவறு என்று முடிவு கட்டியவர்களும் உண்டு! வெசாலியஸ் என்ற இளைஞன் இத்தாலியின் பாதுவா நகரிலே பீடத்தை விட்டு இறங்கி வந்தான். நாவிதனின் கத்தியைத் தானே வாங்கிக் கொண்டான். 1543-இல் அவன் வெளியிட்ட நூலிலே தசை மனிதர்களின் படங்கள் அணி அணியாக நின்றன. காலனின் பிழைகள் நூற்றுக்கணக்கில் சரிந்தன. அப்போது அவனுக்கு வயது 28.

அந்தப் பீடத்திலிருந்து இறங்கி வர நம் நாட்டுக்கு இன்னும் 293 ஆண்டுகள் தேவைப்பட்டன.

மதுசூதன குப்தர் ஹூக்ளி மாவட்டத்துப் பைத்யபாடியிலே, 1800-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். பரம்பரையாக வைத்தியம் செய்யும் வைத்தியர் குலம். பாட்டனார் காலத்திலே நவாப்பின் அரண்மனை வரை செல்வாக்கு. ஆனால் பிள்ளை படிப்பிலே நாட்டமில்லாமல் திரிந்தார் என்றும், தந்தையின் கோபத்துக்கு ஆளாகி வீட்டை விட்டு வெளியேறினார் என்றும் சொல்வார்கள். வீட்டிலே அடங்காதவர் கவிராயர் ஒருவரிடம் போய் வைத்தியம் கற்றார். வங்கத்திலே நாட்டு வைத்தியரைக் கவிராயர் என்பார்கள். பிறகு 1826-இல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேத வகுப்பிலே சேர்ந்தார். அங்கே ஊதாரிப் பிள்ளை காணாமற் போனான். கூர்மையான மாணவன் வெளிப்பட்டான். நான்கே ஆண்டுகளில், 1830-இல், தாம் படித்த வகுப்புக்கே ஆசிரியராக அமர்த்தப்பட்டார். நேற்று வரை பக்கத்திலே அமர்ந்திருந்தவன் இன்று எதிரே அமர்ந்து பாடம் சொல்வதா என்று உடன் படித்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு அடங்கியது; பாடம் நடந்தது.

அந்தக் கல்லூரியிலேயே மேல்நாட்டு மருத்துவமும் சிறிது சிறிதாகக் காற்றில் கலந்து வந்தது. எலும்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள் மாணவர்கள். சிறு விலங்குகளை அறுத்தும் பார்த்தார்கள். குப்தர் ஆங்கில உடற்கூற்று நூல் ஒன்றை வடமொழியிலே பெயர்த்தார். இன்னொரு பக்கம், சுசுருத நூலைப் பதிப்பிக்கும் வேலையும் அவர் கையிலே இருந்தது. 1835-லும் 1836-லும் அது அச்சேறியது. வேடிக்கையைப் பாருங்கள்! எந்த ஆண்டிலே, உடலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற பழைய விதியை அவர் அச்சிலே திருத்திக் கொண்டிருந்தாரோ, அந்த ஆண்டிலேதான் அதைக் கையாலே செய்து காட்டும் நேரமும் வந்தது.

1835 சனவரியில் பெண்டிங்க் பிரபு கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியைத் தொடங்க ஆணையிட்டார். சமஸ்கிருதக் கல்லூரியின் வைத்திய வகுப்பு கலைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலும் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. கம்பெனி ஆட்சி இதைச் செய்தது நம்மீது கொண்ட பாசத்தாலல்ல. பட்டாளத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் குறைந்த சம்பளத்தில் கைகள் தேவைப்பட்டன. ஆனால் கதவு திறந்தவனின் நோக்கம் எதுவாயினும், உள்ளே நுழைந்தவன் எதைக் கற்கிறான் என்பது அவன் கையிலே இருக்கிறது.

கல்லூரி திறந்தாயிற்று. குடீவ் என்ற ஆங்கிலேயர் உடற்கூறு கற்பித்தார். குப்தர் அவருக்குத் துணையாசிரியர். ஆனால் மனித உடலை அறுக்காமல் உடற்கூறு எப்படி? கடலைப் பார்க்காதவனுக்குத் தரையிலே தோணி ஓட்டக் கற்றுக் கொடுத்த கதைதான். மாணவர்களிற் பெரும்பாலோர் வங்கத்து இந்து இளைஞர்கள். பிணத்தைத் தொட்டால் சாதி போகும். சாதி போனால் கலியாணம் இல்லை, பந்தியில் இடமில்லை, செத்தால் தூக்க ஆளில்லை. வெள்ளையன் ஆயிரம் முறை அறுத்துக் காட்டலாம். அதனால் ஒரு தடை கூட உடையாது. நம்மவன் ஒருவன் முன்வர வேண்டும். அவனும் ஏதுமறியாத வாலிபனாக இருந்தால் போதாது. சாஸ்திரம் படித்தவன், குலத்திலே குறை சொல்ல முடியாதவன், பண்டிதன் என்ற பட்டம் உள்ளவனாக இருந்தால்தான் கோட்டை அதிரும்.

குப்தர் ஒப்புக் கொண்டார். சாஸ்திரம் காட்டி எதிர்த்தவர்களுக்குச் சாஸ்திரத்திலிருந்தே விடை எடுத்து வைத்தார் என்றும் சொல்வார்கள். விடை அவர் கையிலேயே இருந்ததே! அவர் பதிப்பித்த நூலே அதைத்தானே சொல்லிற்று!

1836-இல் அந்த நாள் வந்தது. கல்லூரிக்குள்ளே ஒரு தனிக் கட்டடம். அங்கே ஓர் உடல் கிடத்தப்பட்டிருந்தது. கும்பல் புகுந்து கலைத்துவிடக் கூடும் என்ற அச்சத்தால் கல்லூரியின் வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. குடீவோடு குப்தர் உள்ளே நுழைந்தார். மாணவர்களிற் சிலர் கூடவே போனார்கள். மற்றவர்கள் வாசலிலே நெருக்கியடித்தார்கள். சன்னல் சட்டங்களின் இடுக்கிலே கண்ணை வைத்தார்கள். உள்ளே வரவும் துணிவில்லை, விலகிப் போகவும் மனமில்லை. குப்தர் கத்தியை எடுத்தார். கை நடுங்கவில்லை. மார்பின் மேல் நீளமாக, ஆழமாக ஒரு கீறல்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. கங்கை வற்றவில்லை. கத்தியின் கீழே கிழிந்தது இறந்த உடலின் தோல் மட்டும்தானா? நூற்றாண்டுக் கணக்கில் அறிவின் வாயை மூடியிருந்த தீட்டு என்ற திரையும் அங்கே கிழிந்தது. சன்னல் இடுக்கிலே நின்ற கண்கள் உள்ளே வந்தன. பிறகு கைகளும் வந்தன. 1837-இல் அந்தக் கல்லூரியில் மாணவர் முன் அறுக்கப்பட்ட உடல்கள் 60. அடுத்த ஆண்டு அது இரட்டித்தது. 1844-இல் 500-க்கு மேல். எட்டே ஆண்டுகள்! ஒருவன் முதலில் தொட்டுவிட்டால் ஊரே தொடும் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா?

1845-இல் அந்தக் கல்லூரியின் மாணவர் நால்வர் குடீவோடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள், மேற்படிப்புக்கு. கடல் தாண்டினால் சாதி போகும் என்ற இன்னொரு பூட்டும் உடைந்தது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இதைப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். கடலிலே போவதே பிழைப்பாகக் கொண்டவனுக்குக் கடலே தீட்டு என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

குப்தர் அந்த ஒரு நாளின் புகழிலே குளிர் காய்ந்தவரல்லர். ஆசிரியராக இருந்து கொண்டே மாணவர்களுக்குரிய தேர்வை 1840-இல் எழுதித் தேறினார். நாற்பது வயதிலே தேர்வு எழுதக் கூசாத மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கல்கத்தாவின் காய்ச்சலையும் சாக்கடையையும் ஆராய அமைந்த குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஏழைக் குடியிருப்புகளின் அசுத்தத்தையும், பிள்ளைப்பேற்றின்போது தாய்மார் படும் பாட்டையும் எடுத்துரைத்தார். இந்துஸ்தானி மொழியிலே மருத்துவம் கற்பிக்கும் வகுப்பை நடத்தினார். 1852-இல் வங்க மொழி வகுப்பு தொடங்கியபோது அதற்கும் அவரே பொறுப்பேற்றார். இலண்டன் மருந்து நூலை 1849-இல் வங்க மொழியிலே தந்தார். 1853-இல் உடற்கூற்று நூலையும் வங்க மொழியிலே தந்தார்.

இதிலே ஒரு நகர்வைக் கவனிக்க வேண்டும். வடமொழியிலே தொடங்கிய பேனா, மக்கள் மொழியிலே வந்து நின்றது. தீட்டை உடைத்தால் போதாது, மொழிப் பூட்டையும் உடைக்க வேண்டும் என்று அவர் வாழ்க்கை தானாகவே கண்டு கொண்டது.

தமிழுக்கு அந்தத் தொண்டைச் செய்தவர் வேறொருவர். தனுஷ்கோடி மணல் முனையிலே நின்று வடகிழக்கே பாருங்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். அங்கே மானிப்பாயிலே, அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெருநூலைத் தமிழிலே கொண்டு வந்தார். அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. சமயம் பரப்ப வந்தவர்தாம். ஆனாலும் எலும்புக்கும் தசைக்கும் தமிழிலே பெயர் தேடிப் பிடித்த உழைப்பை நாம் மறுக்க மாட்டோம். நம் கரைக்கு எட்டிப் பிடிக்கும் தொலைவிலே தமிழில் உடற்கூறு கற்ற வைத்தியர்கள் உலவினார்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே! இன்றைக்கும் தமிழில் மருத்துவம் முடியுமா என்று கேட்கிறவர்கள் இந்தக் கடலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

குப்தரின் முடிவும் அவர் வாழ்வைப் போலவே அமைந்தது. நீரிழிவு நோய் அவரைப் பற்றியது. அந்த நோய் உள்ளவர்களுக்குச் சிறு காயமும் சீழ் பிடித்துப் பெருங்கேடாகும். அறுவைக் கூடத்தை விட்டு விலகியிருக்கும்படி எச்சரிக்கை எழுந்தது. அவர் விலகவில்லை. நஞ்சு இரத்தத்தில் ஏறி, 1856 நவம்பர் 15-ஆம் நாள் மறைந்தார்.

அவர் உயிரோடு இருந்தபோதே பெத்தூன் என்ற ஆங்கில அதிகாரி அவருடைய உருவப்படத்தைத் தீட்டச் செய்து கல்லூரிக்கு வழங்கினார். பெல்னோஸ் அம்மையார் தீட்டிய படம் அது. முதல் கீறல் விழுந்த நாளிலே வில்லியம் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கியதாகவும் ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. முழங்கியதோ இல்லையோ, முழங்கத் தகுந்த நாள்தான்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த அறைக்குள்ளே குப்தர் மட்டுமா இருந்தார்? அறுக்கப்பட்ட உடல் யாருடையது? ஊரார் கூடி, உறவினர் கூடி எடுத்துச் செல்ல ஆளிருந்த உடலா அங்கே வந்திருக்கும்? கேட்பாரற்று மாண்ட ஏழையின் உடலைத் தவிர வேறு எது வரும்? அவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. வங்கத்திலே பிணம் தூக்குவதும் எரிப்பதும் டோம் என்ற சாதியின் தொழில். பண்டிதர் ஒருமுறை தொட்டார், வரலாறு பிறந்தது. டோம் தலைமுறை தலைமுறையாகத் தொட்டான், தீண்டாமைதான் கிடைத்தது. தொட்ட கை இரண்டும் கைதான். ஒன்றுக்குப் படம் மாட்டினார்கள், மற்றதை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இதனால் குப்தரின் பெருமை குறையாது. தமக்குரிய மேன்மையைப் பணயம் வைத்தவர் அவர். இழக்க ஒன்றும் இல்லாதவரல்லர். ஆனால் அவர் தொடங்கிய வேலை அவரோடு முடியவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. 2021-இல் கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றிலே பிணவறை உதவியாளர் வேலைக்கு 6 இடங்கள். விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 8,000 பேர். பட்டதாரிகள் இருந்தார்கள், பொறியியல் படித்தவர்களும் இருந்தார்கள். வேலையில்லாக் கொடுமை சாதி பார்க்கவில்லை. ஆனால் அந்த வேலையை ஊர் இன்னும் அழைப்பது டோம் வேலை என்றுதான்! நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? சுடுகாட்டு வேலையும் பிணவறை வேலையும் யார் வீட்டுப் பிள்ளைகளின் தலையிலே வந்து விழுகின்றன என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா?

சட்டத்தையும் பாருங்கள். 1832-இல் இங்கிலாந்திலே சட்டம் போட்டார்கள்: அனாதை விடுதியிலே மாண்டு, உரிமை கோர ஆளில்லாத உடலை அறுவைக் கூடத்துக்குத் தரலாம். நம் மாநிலத்தின் 1951-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவப் பள்ளிக்கு வழங்க வழி செய்தது. உயிரோடிருந்தபோது மருத்துவம் கிடைக்காதவன், மாண்ட பிறகு மருத்துவருக்கே பாடநூலாகிறான்! அவன் தொடையிலேயிருந்து எண்ணிய தசைதான், செல்வந்தரின் தொடையிலே கத்தி வைக்கும் மருத்துவருக்கு வழி காட்டுகிறது. பணக்காரனுக்குத் தனித் தசை கிடையாது. மேற்குலத்துக்கு ஒன்று கூட, கீழ்க்குலத்துக்கு ஒன்று குறைய என்று எந்த அறுவைக் கூடமும் இதுவரை கண்டதில்லை. சிலருக்கு இல்லாத தசை உண்டென்றால், அது மணிக்கட்டிலே சொன்னோமே, அது போன்றதுதான்; அதுவும் சாதி பார்த்து வருவதில்லை.

அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? அதே வங்கம் ஒரு வழி காட்டியது. 23 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த ஜோதிபாசு 2010 சனவரியில் மறைந்தபோது, அவர் உடல் சுடுகாட்டுக்குப் போகவில்லை. அவர் எழுதிக் கொடுத்தபடி, அரசு மரியாதையோடு கல்கத்தா மருத்துவமனைக்குப் போயிற்று, மாணவர்கள் கற்பதற்காக. 2024 செப்டம்பரில் மறைந்த சீத்தாராம் யெச்சூரியின் உடல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குச் சென்றது. தமிழ்நாட்டிலும் 2023 செப்டம்பர் முதல், உறுப்புக் கொடை தந்து மறைபவர்களின் இறுதி நிகழ்ச்சிக்கு அரசு மரியாதை என்று அறிவித்திருக்கிறார்கள். எவரும் கோராத உடலை எடுப்பது வேறு. மனமறிந்து எழுதித் தரும் உடல் வேறு. முன்னது ஏழ்மையின் அபராதம். பின்னது அறிவுக்குத் தரும் கொடை.

2022 சனவரி 12-ஆம் நாள் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இராமநாதபுரத்துக் கல்லூரியும் ஒன்று. வறண்ட சீமை, தண்ணியில்லாக் காடு என்று ஏசப்பட்ட மண்ணிலே இன்று அறுவைக் கூடம் இருக்கிறது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் இருக்கிறது. கரிமூட்டம் போடுபவரின் மகனும், கடல்பாசி எடுக்க மூழ்கும் தாயின் மகளும் வெள்ளை அங்கி அணிந்து அந்தக் கூடத்திலே நுழையலாம். சன்னல் இடுக்கிலே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நேரே போய், கத்தியை எடுத்து, முதல் தசையிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.

அவர்கள் எண்ணுவதற்கு ஓர் உடல் வேண்டும். அக்கினி தீர்த்தத்திலே எள் இறைப்பவர்கள் இறைக்கட்டும். அது அவரவர் துயரம், அவரவர் ஆறுதல். நாம் நம் தோழர்களைக் கேட்டுக் கொள்வது இரண்டு காரியம். வீட்டாரோடு கலந்து பேசி, உங்கள் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வையுங்கள். நாளைக்கு ஊரிலே சாவு விழுந்தால், குழி வெட்டி, கட்டை அடுக்கி, எல்லோரும் போன பிறகும் தனியாக நிற்கிறானே ஒருவன், அவனை அழைத்து வந்து உங்கள் திண்ணையிலே உங்கள் பக்கத்திலே உட்கார வையுங்கள். உங்கள் வீட்டுக் குவளையிலே தண்ணீர் கொடுங்கள்.

கல்கத்தாவிலே 1836-இல் விழுந்த கீறல் அந்தத் திண்ணை வரை வந்து சேரட்டும்!